மூன்றாவது அடுக்கில் இருந்த சட்டைகள்

ஊசி சிவப்புத் துணிக்குள் இறங்கி, சற்றுத் தள்ளி மேலே வந்து, வந்த தூரத்தில் பாதியைப் பின்னே போய் மறுபடி இறங்குகிறது. இடது பெருவிரல் துணியின் ஓரத்தை மடித்து அழுத்தியபடி முன்னால் நகர்கிறது. தேன்மெழுகில் இழுத்த நூல். துணிக்குள் போகும்போது சத்தம் போடாது, இறுகிய பிறகு அசையாது. பக்கத்தில் ஒரு சிரட்டையில் அரிசிமா இருக்கிறது. விரல் வியர்க்கும்போதெல்லாம் மாவைத் தொட்டு, மடியில் கிடக்கும் பழந்துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தையல். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் விரலில் ஏறி, அங்கிருந்து வெள்ளைத் துணிக்குப் போய்விடும்.

வட்டக்கச்சியில் கம்பளி உடுத்துகிற ஆள் கிடையாது. சித்திரையில் வாய்க்கால் தண்ணீரே சூடாக ஓடும் ஊர் அது. அந்த ஊரில், மாமரத்தின் கீழே பாயைப் போட்டு, முழங்கால்வரை நீளும் கம்பளிக் கோட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தார் கமலாசனி. கோட்டுகள் கனடாவுக்குப் போகவிருந்தன. இருநூற்று அறுபது வருடங்களுக்கு முன் அங்கே நடந்த ஒரு சண்டையை, பழைய கோட்டையொன்றின் வெளியில் வருடத்துக்கு ஒருமுறை மறுபடி நடத்திக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடுப்புச் செய்து விற்கும் கடையில் கமலாசனியின் தமையன் மகன் சுகிர்தன் வேலை செய்கிறான். அந்தக் காலத்தில் தையல் மெசின் இல்லாததால் ஒவ்வொரு தையலும் கைத்தையலாக இருக்க வேண்டும். அங்கே அதற்கு ஆள் கிடைக்கவில்லை. சுகிர்தனுக்கு மாமியின் நினைவு வந்தது.

கமலாசனி தையலைப் பிரித்துப் பிரித்தே பழகியவர். கிளிநொச்சியில் சில கிழமை தையல் வகுப்புக்குப் போனதோடு சரி. மற்றதெல்லாம் பழைய உடுப்புகளைக் கழற்றி, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு எந்தப் பக்கத்தால் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அறிந்தது. இந்தக் கோட்டுக்கும் அப்படித்தான். சுகிர்தன் தொலைபேசியில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, முதலில் சீமெந்துப் பையின் கடதாசியில் வெட்டி, பிறகு பழைய படங்குத் துணியில் தைத்து, கணவர் மயில்வாகனத்துக்குப் போட்டுப் பார்த்தார். கை தூக்கச் சொன்னார். குனியச் சொன்னார். துவக்குப் பிடிக்கிற மாதிரி நில்லுங்கோ என்றார்.

“இஞ்சரும், அதையும் என்னைக்கொண்டே செய்விக்கிறீர்” என்று மயில்வாகனம் மண்வெட்டியைத் தோளில் வைத்து நின்றார். “துணி வந்த பிறகு அந்தச் சிவப்பிலை எனக்கு ஒண்டு தாரும். மேல்வயலிலை நட்டு வைச்சால் மயில் கிட்ட வராது.”

“மயில் வராது. ஆமிக்காரன் வந்து என்னெண்டு கேப்பான்.”

“மயில்வாகனம் மயிலைக் கலைக்கப் போறாராம்” என்று பக்கத்து வளவிலிருந்து தைக்க வரும் ஜெயரூபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்த காலத்தில் நாள் முழுவதும் ஒரு கொலரையே தைத்தவள். முழு உடுப்பு ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தைப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கை வைத்த முதல் கோட்டை முடித்தபோது அதை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டையின் கதை அவர்களுக்குத் துண்டு துண்டாக வந்தது. சுகிர்தன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பேசி அனுப்புவான். இங்கே மாலையில் தைத்துக்கொண்டே கேட்பார்கள்.

“மாமி, ரெண்டு பெரிய ஆக்கள். ஒண்டு இங்கிலீசுக்காரன், சிவப்புக் கோட்டு. மற்றது பிரெஞ்சுக்காரன், சாம்பல் வெள்ளைக் கோட்டு, நீலக் கைமடிப்பு. ரெண்டு பேரும் கடலாலை வந்தவை. சண்டை பிடிச்சது வேற ஆக்களின்ர காட்டுக்குள்ளை.”

ஜெயரூபி தொலைபேசியை எடுத்துப் பேசினாள். “அப்ப அந்தக் காட்டுச் சொந்தக்காரர் என்ன செய்தவை எண்டு கேக்கிறன், தம்பி.”

பதில் மறுநாள் வந்தது. “அவையிலை கொஞ்சப் பேர் இங்கிலீசுக்காரனோடை, கொஞ்சப் பேர் பிரெஞ்சுக்காரனோடை. கொஞ்சப் பேர், எங்களுக்கு ஒருத்தரும் வேண்டாம் எண்டு ஒதுங்கி நிண்டவை. நிக்க விடேல்லை.”

ஜெயரூபியின் ஊசி நின்றது. “அக்கா, இது எங்கையோ கேட்ட கதை மாதிரிக் கிடக்கு.”

“தையலைப் பார்” என்றார் கமலாசனி. சற்றுக் கழித்து, “நூலை இவ்வளவு இறுக்காதை. துணி சுருங்குது” என்றார்.

முடிந்த உடுப்புகள் அறைக்குள் மேசையில் மூன்று அடுக்குகளாக ஏறின. முதல் அடுக்கு சிவப்பு. இரண்டாவது சாம்பல் வெள்ளை. மூன்றாவது, அந்த மண்ணின் ஆட்களுக்கான லினன் சட்டைகள். தொளதொளவென்று, தொடைவரை நீளமாக, நெஞ்சுவரை ஒரு பிளவோடு. அவற்றை எந்தப் பக்கத்தோடு சேர்ப்பது என்று கமலாசனி கேட்டார்.

“ரெண்டு பக்கமும் ஒரே சட்டைதான் மாமி. ரெண்டு ராசாவும் தங்கட பக்கம் நிண்ட ஆக்களுக்குச் சட்டை பரிசாக் குடுத்தவை. வெட்டு ஒண்டுதான். போடுற ஆளுக்குத்தான் தான் எந்தப் பக்கமெண்டு தெரியும்.”

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தைப்பதில்லை என்பது கமலாசனி தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். கண் சொக்கும் நேரத்தில் போட்ட தையலை மாலையில் பிரிக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் முடிந்த கோட்டுகளைக் கொடியில் காற்றாடப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்து கிடப்பார். வயலைக் கடந்து வரும் காற்று கோட்டுக்குள் புகும். நெஞ்சு நிறையும். கைகள் முன்னும் பின்னும் அசையும். அரைத்தூக்கத்தில் முதலில் மறைவது கொடிக்கயிறுதான். பிறகு சிவப்புக் கோட்டுகள் இறங்கி வரம்பில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். வாய்க்காலின் மறுகரையில் சாம்பல் வெள்ளைக் கோட்டுகள் நடக்கும். ஒருவரும் ஒருவரையும் சுடுவதில்லை. நெல் பால் பிடிக்கிற மணம் மட்டும் இருக்கும். பனி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஆனையிறவு உப்பளத்தின் வெள்ளை மெல்ல மெல்ல வயலுக்குள் வந்து பரவும். அதன் மேல் நடப்பவர்களின் காலடி கேட்காது.

ஒருநாள் அந்த வெள்ளைக்கு அப்பால், பாலை மரங்களின் நிழலில், லினன் சட்டைக்காரர்கள் நின்றார்கள். ஆண்களும் பெண்களும். ஒரே வெட்டு, ஒரே நிறம். முகங்களில் வெயில் விழவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி கமலாசனியைப் பார்த்து, இந்த ரோட்டு எங்கே போகிறது என்று கேட்டாள். என்ன மொழியில் கேட்டாளோ, விளங்கியது. “தருமபுரத்துக்குப் போகுது. அங்காலை விசுவமடு” என்று கமலாசனி சொன்னார். அவள் தலையசைத்தாள். மற்றவர்களும் தலையசைத்தார்கள். ஆனால் ஒருவரும் நடக்கத் தொடங்கவில்லை. எதையோ எடுக்க மறந்தவர்கள் போலத் தங்கள் சட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மயில் அகவிய சத்தத்தில் கண் விழித்தபோது கோட்டுகள் கொடியிலேயே இருந்தன. அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு ஊசியை எடுத்தார்.

*

ஆவணியில் சுகிர்தன் விடுமுறைக்கு வந்தான். உடுப்புகளைத் தானே எடுத்துப் போவதாக இரண்டு பெரிய பைகள் கொண்டு வந்திருந்தான். தேத்தண்ணி குடித்து முடித்ததும் பாயில் உட்கார்ந்து ஒரு சிவப்புக் கோட்டை விரித்தான். தோள், கழுத்து, கைமடிப்பு, பொத்தான் ஓட்டைகள் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனான். முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. பிறகு கோட்டை உள்பக்கம் திருப்பினான். இடது கமுக்கட்டுக்குக் கீழே, உட்துணிக்கும் கம்பளிக்கும் நடுவில், அவன் விரல்கள் உள்ளே போய்விட்டன.

“என்ன மாமி இது?”

“எது?”

“இது. பொக்கற்.”

“கள்ளப் பொக்கற்” என்றார் கமலாசனி, சோற்றில் ஏன் உப்பு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போல.

“படத்திலை இல்லையே.”

“படத்திலை உள்பக்கம் காட்டேல்லையே.”

அவன் அடுத்த கோட்டைத் திருப்பினான். அதற்கடுத்ததை. சாம்பல் வெள்ளையை. சட்டைகளை. எல்லாவற்றிலும், அதே இடத்தில், ஓர் உள்ளங்கை ஆழத்தில் இருந்தது. ஜெயரூபி தைத்தவற்றிலும் இருந்தது.

“அக்கா தைச்சவா, நானும் தைச்சன்” என்றாள் ஜெயரூபி. “வைக்கிறதுதானே. சண்டைக்குப் போற உடுப்பு.”

சுகிர்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு பொறுமையாகச் சொன்னான். இதை வாங்குகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு உள்மடிப்பைத் திருப்பித் தையலை எண்ணுவார்கள். அந்தக் காலத்துக் கோட்டில் இல்லாத ஒன்று இருந்தால் முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி வந்தால் கடைக்காரர் இனி இந்தப் பக்கம் ஒரு முழத் துணியும் அனுப்பமாட்டார்.

“நாளைக்கு மற்ற நாள் பின்னேரம் என்னை ஏத்த வான் வருது மாமி. அதுக்குள்ளை எல்லாத்தையும் எடுக்கோணும்.”

கமலாசனி ஜெயரூபியைப் பார்த்தார். அவள் கோட்டொன்றை மடியில் வைத்து அதன் கொலரைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுபடி ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறவளின் முகம் அது. கமலாசனி பிளேடுகளை எடுத்து வரச் சொன்னார்.

*

அந்தப் பொக்கற் அவர் கைக்கு வந்து வெகுகாலம். முதல் இடப்பெயர்வுகளின்போது பெண்கள் சங்கிலியையும் காப்பையும் கொண்டுவந்து, உள்சட்டையில் ஓர் இடம் வைத்துத் தரச் சொன்னார்கள். துணியின் மேலே தெரியாமலும், ஓடும்போது இடறாமலும், படுக்கும்போது குத்தாமலும் எங்கே வைப்பது என்று பல தரம் பிரித்துத் தைத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு சனம் தருமபுரம், விசுவமடு என்று ஒவ்வோர் ஊராகக் கிழக்கே நகர்ந்த, போரின் கடைசிக் காலத்தில் நகை வைக்கக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளின் உடுப்பைக் கொண்டுவந்தார்கள். சீலைத் துண்டில் பிள்ளையின் பேர், தாயின் பேர், ஊர் எழுதி அதற்குள் வைக்கச் சொன்னார்கள். தறப்பாள் கூரையின் கீழே, மெசின் இல்லாமல், வெளிச்சம் இருக்கும்வரை கையால் தைத்தார்.

போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், வாய் திறக்காத ஒரு சின்னப் பிள்ளை ஆட்கள் கைமாறிக் கைமாறி ஒருநாள் இவருடைய கூடாரத்துக்கு வந்தது. பேர் கேட்டால் பேசாது. அழவும் அழாது. கமலாசனி அதைத் தூக்கிக் குளிக்க வார்க்கச் சட்டையைக் கழற்றியபோது, கமுக்கட்டுக்குக் கீழே தன் தையலையே விரலில் உணர்ந்தார். உள்ளே இருந்த துண்டில் மை கரைந்து பாதி போயிருந்தது. தாயின் பேர் மட்டும் தெரிந்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பேரைச் சொன்னார்கள். மூன்று பெண்கள் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவளிடம் பிள்ளை போனது.

அதற்குப் பிறகு அவர் தைத்த எந்த உடுப்பிலும், பள்ளிக்கூடச் சட்டையானாலும் கலியாண பிளவுஸ் ஆனாலும், அந்த இடம் இருந்தது. யாரும் கேட்டதில்லை. யாருக்கும் அது புதினமாகவும் இருக்கவில்லை.

*

கம்பளியைப் பிரிப்பது லேசு. உள்பக்கமாக மூன்றுக்கு ஒரு தையலைப் பிளேடால் அறுத்துவிட்டால் நூல் தானே வரும். நகத்தால் நீவிவிட்டால் துளைகள் மூடிக்கொள்ளும். சிவப்பு முழுவதும் அன்று மாலையே முடிந்தது. சாம்பல் வெள்ளை மறுநாள் காலை முடிந்தது. மயில்வாகனம் கதிரையில் உட்கார்ந்தபடி நூல் துண்டுகளைப் பொறுக்கினார். “தைக்கேக்கை துவக்குப் பிடிக்கவிட்டியள். இப்ப பேன் பார்க்க விட்டிருக்கிறியள்” என்றார்.

மூன்றாவது அடுக்குக்கு வந்தபோது கமலாசனி பிளேடைக் கீழே வைத்தார்.

“தம்பி, இந்தச் சட்டையைப் போடுறவை ஆர்?”

“இவை சும்மா வேசம் போடுறவை இல்லை மாமி. அந்த ஆக்களின்ர வழிவந்த சனம்தான். சண்டை முடிஞ்சாப் பிறகு மற்றவை சாப்பிடப் போவினம். இவை கொஞ்ச நேரம் அந்த வெளியிலையே நிப்பினம்.”

“அந்தச் சண்டை என்னெண்டு முடிஞ்சது?”

“ரெண்டு ராசாவின்ர ஆக்களும் பாரிசிலை இருந்து ஒப்பந்தம் எழுதினவை. இவையின்ர காட்டையும் அதுக்குள்ளை எழுதிக் குடுத்திட்டினம்.”

“இவையைக் கூப்பிடேல்லையோ?”

“இல்லை.”

“செத்தவையின்ர பேர்?”

சுகிர்தன் யோசித்தான். “கோட்டை வாசலிலை கல்லு நட்டிருக்கு. சிவப்புக் கோட்டுக்காரரின்ர பேர் இருக்கு. சாம்பல் கோட்டுக்காரரின்ரையும் இருக்கு. இவையைப் பற்றி, ‘உடன் வந்தவர்கள்’ எண்டு கடைசியிலை ஒரு வரி.”

கமலாசனி சட்டைகளை அடுக்கோடு தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். “கோட்டுக்காரருக்கு ராசா இருக்கிறான், பேர் பதிய ஆள் இருக்கு. அவைக்கு எடுத்தாச்சு. இதிலை நான் எடுக்கமாட்டன்.”

“மாமி, இது விளையாட்டுச் சண்டை. ஒருத்தரும் சாகாயினம். பின்னேரம் கார் எடுத்துக்கொண்டு வீட்டை போவினம்.”

“தெரியும்.”

“பிறகேன்?”

“தெரிஞ்சாலும் கை வருகுதில்லை.”

சுகிர்தன் மாமாவைப் பார்த்தான். மயில்வாகனம் நூல் துண்டொன்றைக் கவனமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். “என்னைப் பாராதை தம்பி. நான் அவாவின்ர சட்டையைத்தான் போட்டிருக்கிறன். எனக்கும் இருக்கு” என்று தன் கமுக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

சுகிர்தனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. “ஒரு சட்டையிலை கண்டாலும் முழுவதும் திரும்பும். ஜெயரூபி அக்கான்ரையும் சேர்த்து” என்று மட்டும் சொன்னான். பிறகு எழுந்து வயல் பக்கம் போனான்.

ஜெயரூபி பிளேடைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பேசியிருந்தால் கமலாசனிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மேலே கிடந்த சட்டையை விரித்து, தைத்ததையே தைக்காதவர் போல அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தோள்பட்டி. கமுக்கட்டின் சதுரத் துண்டு. கழுத்து மடிப்பு. நெஞ்சுப் பிளவு. பிளவு முடிகிற இடத்தில், அது மேலும் கிழியாமல் இருக்க, உள்பக்கமாக வைத்துத் தைத்த பெருவிரல் அளவான ஒரு துண்டு. படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்த துண்டு அது. அந்தக் காலத்துச் சட்டையில் இருந்தே ஆக வேண்டியது. அவர் பெருவிரல் அதன் மேல் நின்றது.

மாலைவரை இருவரும் வேலை செய்தார்கள். கமுக்கட்டுப் பொக்கற்றுகளைப் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு சட்டையிலும் நெஞ்சுத் துண்டின் மேல் ஓரத்தை மட்டும் கழற்றி, இழை பிரியாமல் ஓரத்தைச் சுற்றித் தைத்து, அப்படியே விட்டார்கள். மற்ற ஓரங்கள் முன்பு போலவே இருந்தன. லினனில் பழைய தையல் துளை நனைத்தால்தான் மூடும். விடிந்ததும் கிணற்றடியில் சட்டைகளை அலசிக் கொடியில் போட்டார்கள். வெயில் ஏறுமுன் காற்று எழுந்தது. சட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. துணிக்குள் வெளிச்சம் புகுந்து மறுபக்கத்தால் வந்தது. ஜெயரூபி வாளியைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன.

வான் வருவதற்கு முன் சுகிர்தன் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கமுக்கட்டில் ஒன்றும் இல்லை. பழைய துளைகூட இல்லை. “எடுத்திட்டியள்” என்றான், நம்பாமல்.

“எடுத்தனான். உன்னட்டை மறைச்சு ஒண்டும் அனுப்பமாட்டன். இஞ்சை பார்.” அவன் சுட்டுவிரலைப் பிடித்து நெஞ்சுத் துண்டின் மேல் ஓரத்தில் வைத்தார். விரல் நுனி உள்ளே போயிற்று.

அவன் விரலை எடுத்தான். சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தான். தூரப் பிடித்தான். கிட்டப் பிடித்துத் தையலை எண்ணினான். துண்டு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தது.

“இதுக்குள்ளை என்னத்தை வைக்கிறது? ஒரு காசுகூட வைக்கேலாது.”

“பேர் வைக்கலாம்.”

“ஒருத்தருக்கும் தெரியாதே, இப்பிடி ஒண்டு இருக்கெண்டு.”

“நீ சொல்லு. கடையிலை சொல்லாதை. போடுறவைக்குச் சொல்லு. தங்கட பழைய ஆக்களிலை ஆரின்ர பேராவது தெரிஞ்சால், அதை ஒரு சீலைத் துண்டிலை எழுதி வைச்சுக்கொண்டு அந்த வெளியிலை நிக்கட்டும். தெரியாட்டில் தங்கட பேரை வைக்கட்டும்.”

வான் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. மயில்வாகனம் படலையைத் திறக்கப் போனார். சிவப்பும் சாம்பல் வெள்ளையும் ஏற்கெனவே பைகளுக்குள் இருந்தன. சுகிர்தன் கையில் இருந்த சட்டையைப் பார்த்தபடி நின்றான். யாராவது கண்டுபிடித்தால் கடையில் அவனைத்தான் கேட்பார்கள். பிறகு அதை மடிக்கத் தொடங்கினான். நெஞ்சுப் பக்கம் உள்ளே வருமாறு, கைகள் இரண்டும் அதன்மேல் படியுமாறு.

“ஒரு மடிப்புப் பிழை” என்றார் கமலாசனி. வாங்கி, திருத்தி மடித்து, மற்றச் சட்டைகளின் மேல் வைத்தார். ஜெயரூபி அடுக்கின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கினாள். சுகிர்தன் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். கமலாசனி மூன்றாவது அடுக்கைத் தூக்கி அவன் கைகளில் வைத்தார்.